வெட்டிய காடும் விட்டுவைத்த விளக்குகளும்: சுப்பீரியர் ஏரியின் அப்போஸ்தலர் தீவுகள்

1930-இல் ஹார்லன் கெல்சி என்ற நிலவடிவமைப்பாளர் அமெரிக்க தேசியப் பூங்காத் துறைக்காக விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடிக்கு வந்தார். சுப்பீரியர் ஏரிக்குள் சிதறிக் கிடக்கும் அப்போஸ்தலர் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். மரத்தொழில் படுத்துவிட்டது, கல் குவாரிகளை எப்போதோ மூடிவிட்டார்கள். சுற்றுலாவாவது சோறு போடாதா என்ற எதிர்பார்ப்பு. வந்தவர் கண்டதோ மொட்டையடிக்கப்பட்ட தீவுகளையும் தீயில் கரிந்த அடிமரங்களையும்தான். மனிதன் கைபட்டு இந்த இடத்தின் அழகு கெட்டுப்போயிற்று, இனி மீளாது என்ற பொருளில் அறிக்கை எழுதிக் கொடுத்தார். பேச்சு அத்தோடு நின்றுபோனது.

40 ஆண்டுகள் கழித்து, 1970 செப்டம்பர் 26 அன்று, அதே தீவுகளைத் 'தேசிய ஏரிக்கரை' (தேசியப் பூங்காத் துறையின் காவலில் உள்ள ஏரிக்கரைப் பகுதி) ஆக்கிப் பாதுகாக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். 2004-இல் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம், சுமார் 33,500 ஏக்கர், 'வனாந்தரம்' என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிலத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கடுமையான காவல் அது. புதிதாகச் சாலை போட முடியாது, கட்டடம் எழுப்ப முடியாது, வண்டி ஓட்ட முடியாது. இன்று படகில் வந்து இறங்குபவர்கள் அந்தக் காட்டைப் பார்த்து "மனுஷன் காலே படாத இடம்" என்று வியந்து படம் போடுகிறார்கள். உண்மையில் கால் மட்டுமல்ல, கோடரி, ரம்பம், வெடிமருந்து, ஏர், மீன்வலை எல்லாம் பட்ட இடம். என்னைக் கேட்டால், அழகைவிட அதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம். கெடுத்த ஓரிடத்தைச் சும்மா விட்டால் அது எவ்வளவு தூரம் மீளும், எதெல்லாம் மீளாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். மொத்தம் 22 தீவுகள். அவற்றில் 21 தேசிய ஏரிக்கரைக்குள் வருகின்றன. கூடவே நிலப்பகுதியில் சுமார் 19 கிலோமீட்டர் கரை. விடுபட்டது மேடலின் தீவு. அதில் ஊர் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, ஃபெர்ரி ஓடுகிறது. மற்ற தீவுகளுக்குப் பாலமும் இல்லை, அன்றாடப் போக்குவரத்தும் இல்லை. சுற்றுலாப் படகில் போக வேண்டும், வாடகைப் படகு பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தத் துடுப்பு. இதற்கெல்லாம் புறப்படும் இடம் பேஃபீல்ட் என்ற சிற்றூர். 600 பேர்கூட வசிக்காத ஊர். மினியாபொலிஸிலிருந்து காரில் நான்கு மணி நேரச் சொச்சம் என்பதால் அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் குடும்பத்தோடு கோடை வாரக்கடைசியில் எட்டிப் பார்க்கும் இடமாகவும் இது ஆகிவருகிறது.

அப்படிப் போகிறவர்கள் ஏமாறுவது ஒரே விஷயத்தில்தான். ஏரி என்றதும் வீராணம் அளவுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். சுப்பீரியரின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதையும் அதற்குள் வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். உலகின் தரைமேல் உள்ள நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே கிண்ணத்தில் நிற்கிறது. இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் மேல் காற்று தடையின்றி ஓடி வரும்போது எழுவது ஏரி அலை அல்ல, கடல் அலை. உப்பு ஒன்றுதான் இல்லை.

குளிர் அதைவிட மோசம். ஆண்டுச் சராசரி வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் தண்ணீர் இது. ஜூன் மாதம் கரையில் சட்டை நனைய வியர்க்கும். தண்ணீருக்குள் விழுந்தவருக்கோ முதல் ஒரு நிமிடம் மூச்சு தறிகெட்டு வாங்கும். பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அதற்கப்புறம் பெரிய ஆறுதல் இல்லை. 2018 ஆகஸ்டில் மேடலின் தீவிலிருந்து மிச்சிகன் தீவை நோக்கித் துடுப்புப் போட்ட ஒரு குடும்பத்தின் கயாக் நடு வழியில் கவிழ்ந்தது. தந்தையும் மூன்று குழந்தைகளும் இறந்தார்கள். தாய் மட்டும் பிழைத்தார். கோடை விடுமுறையின் கடைசி வாரம் அது.

சரி, குகைகளுக்கு வருவோம். பெரும்பாலானோர் வருவதே அதற்காகத்தான்.

தீவுகளின் அடியில் இருப்பது சிவப்பும் பழுப்புமான மணற்கல். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உண்டானது. அதற்கும் முன்பு, சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கக் கண்டம் இந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. பிளவு பாதியில் நின்றுபோக, நடுவில் தாழ்ந்துபோன பள்ளத்தில்தான் இந்த மணல் வந்து சேர்ந்தது. பிற்பாடு பனியாறுகள் வந்து தரையைச் சுரண்டி, மேடாக நின்ற பகுதிகளைத் தீவுகளாக விட்டுவிட்டுப் பின்வாங்கின. அது நடந்து பத்தாயிரம் ஆண்டுதான் சொச்சம். பாறையின் வயதோடு பார்த்தால் நேற்று.

ஆனால் எல்லாத் தீவிலும் குகை இல்லை. ஏன் என்பதில்தான் சுவாரசியம். இந்த மணற்கல் மூன்று அடுக்குகளாகப் படிந்திருக்கிறது. மேலும் கீழும் உள்ளவை தடித்த பாளங்கள். நடுவில் உள்ளது மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது, அப்பளக் கட்டு மாதிரி. அந்த நடு அடுக்கு எங்கே ஏரியின் நீர்மட்டத்துக்கு நேராக வருகிறதோ அங்கேதான் அலைக்கு வசதி. மெல்லிய படலங்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, ஓரங்களைப் பிய்த்துப்போடுகிறது. அப்புறம் அலை வந்து பெருக்கித் தள்ளுகிறது. இப்படியே பள்ளம் பொந்தாகி, பொந்து குகையாகி, பக்கத்துப் பக்கத்துக் குகைகள் உள்ளுக்குள் சந்தித்துக்கொள்ளும்போது வளைவும் தூணும் உண்டாகின்றன. டெவில்ஸ் தீவின் வடமுனை, சாண்ட் தீவின் ஸ்வாலோ முனை, நிலப்பகுதியில் மேயர்ஸ் பீச்சுக்குக் கிழக்கே உள்ள கரை ஆகிய மூன்று இடங்களில் இவை நன்றாக அமைந்திருக்கின்றன. அங்கே கயாக்கில் போய் ஒரு குகை வாயில் நின்று உள்சுவரைப் பார்த்தால், விரற்கடை கனமுள்ள படலங்கள் வரிவரியாகத் தெரியும். சில பாறைத் தளங்களில் பழைய ஆற்று மணலில் நீரோட்டம் விட்டுப்போன நெளிவுகள் அப்படியே கல்லாகி நிற்கின்றன. உள்ளே சின்ன அலை போனாலும் மேற்கூரையில் மோதி 'தும்' என்று ஒரு சத்தம் வெளியே வரும். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும்.

இந்தச் செங்குத்துப் பாறைதான் ஆபத்தும்கூட. மணற்கரையில் அலை ஏறி, உடைந்து, அடங்கிவிடும். பாறைச் சுவரில் மோதும் அலை அடங்காது, திரும்பி வரும். வருகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் உயரம் இரட்டிப்பாகிவிடும். வெளியே முழங்கால் உயரத்துக்கு ஆடும் தண்ணீர், சுவரோரம் இடுப்பளவு எழும்பி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் கொதிக்கும். குகைகள் இருக்கும் நீளத்துக்கு ஒதுங்க ஓர் இடமும் கிடையாது. மேலே ஏற வழியில்லை. மேயர்ஸ் பீச் வடமேற்கைப் பார்த்த கரை. அந்தத் திசையிலிருந்தோ வாடைக்காற்றாகவோ வீசினால் குகைப் பக்கம் போகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அங்கே அலை உயரத்தை அளந்து சொல்லும் கருவியும் உண்டு. திறந்த கனோ, காற்றடைத்த ரப்பர் படகு, குளத்தில் ஓட்டும் குட்டை கயாக் எதுவும் சரிப்படாது. இடுப்பைச் சுற்றி மூடி போட்ட நீளமான கடல் கயாக், குளிர் தாங்கும் உடை, வழிகாட்டி என்று போவதுதான் புத்தி. துடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அதே பாறையின் உச்சியில் காட்டுப் பாதை உண்டு. மூன்று கிலோமீட்டர் நடந்தால் மேலிருந்து முதல் குகைகளை எட்டிப் பார்க்கலாம். படம் அவ்வளவு எடுப்பாக வராது. உயிர் பத்திரமாக வரும்.

இந்தப் பாறை நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். ஓக் தீவில் பல தலைமுறைகள் பார்த்துப் பழகிய ஒரு கல் வளைவு 2010-இல் இடிந்து விழுந்தது. குகையை உண்டாக்கும் அதே வேலைதான் அதைத் தின்றும் தீர்க்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் சிமெண்ட் பூசித் தூக்கி நிறுத்துவார்கள் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் செய்வதில்லை. விழுவது விழட்டும் என்று விடுவதும் இங்கே பாதுகாப்பில் சேர்த்திதான்.

குளிர்காலத்தில் இதே குகைகள் வேறு வேடம் போடும். பாறை இடுக்குகளில் கசியும் நீர் சொட்டுச் சொட்டாக உறைந்து, கூரையிலிருந்து தூண்களும் திரைகளுமாகத் தொங்கும். ஆனால் பார்க்க வேண்டுமானால் ஏரியே உறைய வேண்டும். மேயர்ஸ் பீச்சிலிருந்து உறைந்த ஏரியின் மேல் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பனித்தளம் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, கரையோடு ஒட்டி நிற்கவும் வேண்டும். ஒரு பலத்த காற்று போதும், நேற்றுவரை நடந்த தளம் இன்று துண்டாகி மிதந்து போய்விடும். 2014 குளிர்காலத்தில் எல்லாம் கூடிவந்தது. சுப்பீரியரும் சேர்ந்த வட அமெரிக்க ஐம்பெரும் ஏரிகளின் மொத்தப் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் அப்போது உறைந்திருந்தது. இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 1,38,000 பேர் வந்து குவிந்தார்கள். 600 பேர்கூட இல்லாத பேஃபீல்டும் அதைவிடச் சிறிய கார்னுகோப்பியாவும் திணறிப்போயின. நெடுஞ்சாலை ஓரத்தில் மைல் கணக்கில் கார்கள். 2015-இல் சில நாட்கள் திறந்தார்கள். அதன்பின் பல குளிர்காலங்கள் வழி திறக்காமலே போயின. சுப்பீரியரின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பம் 1979-க்கும் 2006-க்கும் இடையே மட்டும் 2.5 டிகிரி அளவில் கூடியது என்று கண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் பனி மூடும் பரப்பும் சுருங்கிவந்தது. "இந்த வருஷம் ஐஸ் கேவ் திறக்குமா?" என்ற கேள்வி இனி லாட்டரிச் சீட்டு வாங்குபவர் கேட்கும் கேள்விதான்.

அடுத்து விளக்குகள். ஆறு தீவுகளில் எட்டுக் கலங்கரை விளக்கக் கோபுரங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் வேறெந்த இடத்திலும் இத்தனை இல்லை. இவ்வளவு சின்ன இடத்தில் ஏன் இத்தனை? 1855-இல் ஏரியின் கிழக்குக் கோடியில் உள்ள சூ செயின்ட் மேரியில், கதவுகளால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பல்களைக் கடத்தும் பூட்டுக்கால்வாய் திறந்ததும் கீழ் ஏரிகளிலிருந்து கப்பல்கள் சுப்பீரியருக்குள் நேரே வர முடிந்தது. அப்போது முக்கியத் துறை மேடலின் தீவின் லா பாயிண்ட். முதல் விளக்கு அந்தத் துறைக்காக லாங் தீவில் வைக்க வேண்டியது. குளறுபடியில் கட்டுமானக்காரர்கள் மிச்சிகன் தீவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். லாங் தீவில் மறுபடி ஒன்று கட்ட வேண்டியதாயிற்று, 1858-இல். முதலில் கட்டியது ஏற்றிய கொஞ்ச நாளில் அணைக்கப்பட்டு, 1869 வரை இருட்டில் கிடந்தது. அரசுக் காண்டிராக்ட் எந்த ஊரிலும் அரசுக் காண்டிராக்ட்தான்.

அதற்குப் பிறகு விளக்குகள் முளைத்த வரிசையைப் பார்த்தால் வாணிபத்தின் பாதையே தெரிந்துவிடும். 1863-இல் ராஸ்ப்பெர்ரி தீவு, மேற்குக் கால்வாய் வழியாகப் பேஃபீல்டுக்கு வரும் கப்பல்களுக்கு. 1874-இல் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் அவுட்டர் தீவு. 1881-இல் சாண்ட் தீவு. 1891-இல் வடகோடி டெவில்ஸ் தீவு. இவை தீவுகளுக்குள் வரும் கப்பலுக்கு மட்டுமல்ல. ஏரியின் மேற்குக் கோடியில் உள்ள டுலூத் துறைக்கு இரும்புத்தாதுவும் கோதுமையும் ஏற்றப் போய்வரும் கப்பல்கள் தீவுக்கூட்டத்தில் முட்டாமல் சுற்றிப் போக வேண்டும், அதற்காக. அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்குத் தாது போன வழி இது.

விளக்கு இருந்தால் மட்டும் போதாது என்பதை 1905 செப்டம்பர் 2 காட்டியது. சாண்ட் தீவின் விளக்குக் காவலர் இமானுவேல் லூயிக். தாது ஏற்றிவந்த 'செவோனா' என்ற நீராவிக் கப்பல் புயலுக்குப் பயந்து தீவுகளின் மறைவுக்குத் திரும்பியபோது, சாண்ட் தீவுக்கு அருகே நீருக்கடியில் இருந்த பாறைத்திட்டில் ஏறி இரண்டாக உடைந்தது. பின்பாதியில் இருந்தவர்கள் உயிர்ப்படகுகளில் தப்பினார்கள். முன்பாதியில் மாட்டிக்கொண்ட கேப்டன் உட்பட ஏழு பேருக்குப் படகு இல்லை. பலகைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் இறங்கினார்கள், ஒருவரும் கரை சேரவில்லை. கோபுரத்தில் நின்ற லூயிக்கால் பார்க்கத்தான் முடிந்தது. அதே புயலில் அவுட்டர் தீவுக்கு அருகே 'பிரிட்டோரியா' என்ற பெரிய மரக்கப்பல் மூழ்கியது. பத்துப் பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். மீதி ஐந்து பேரை அலைக்குள் இறங்கி இழுத்து வந்தவர் அங்கிருந்த காவலர் ஜான் இர்வைன். விளக்கு ஏற்றுவதும் கண்ணாடி துடைப்பதுமே வேலை என்று சொல்லி அமர்த்தப்பட்ட ஆள்.

இந்த விளக்குகள் தெரியாமல் செய்த இன்னொரு நன்மை இருக்கிறது. நான் சொல்லவந்ததற்கு அதுதான் அச்சாணி. ஒவ்வொரு விளக்குக்கும் சுற்றிலும் கொஞ்சம் நிலத்தை மத்திய அரசு தன்வசம் ஒதுக்கிவைத்தது. விறகுக்கும் பாதுகாப்புக்கும் என்று ஒதுக்கிய நிலம், மரக் கம்பெனிகளுக்கு விற்கப்படவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி மற்ற இடங்களில் வெள்ளைப் பைன், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் கிட்டத்தட்ட வேரோடு போயின. பாஸ்வுட், ஹெர்மிட், ஸ்டாக்டன் தீவுகளில் வெட்டிய பழுப்புக் கல் 1871 தீ விபத்துக்குப் பிந்தைய சிகாகோ உள்ளிட்ட நகரங்களின் கட்டடங்களுக்குப் போனது. விளக்கைச் சுற்றிய துண்டு நிலங்களில் மட்டும் பழங்காடு அப்படியே நின்றது. டெவில்ஸ், ராஸ்ப்பெர்ரி தீவுகளிலும், சாண்ட், அவுட்டர் தீவுகளில் விளக்கை ஒட்டிய பகுதிகளிலும் இன்று பார்க்கும் முதிய மரங்கள் அந்த ஒதுக்கீட்டின் மிச்சம். கப்பல் வாணிபத்துக்காக வைத்த விளக்கு, அந்தக் கப்பல்கள் ஏற்றிப்போன மரங்களில் சிலவற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

வெட்டிய தீவுகளும் பச்சையாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் அதே காடு திரும்பவில்லை. மரம் போனபின் முளைத்த இளந்தளிருக்காக மான்கள் பெருகிய தீவுகளில் கனடா யூ என்ற தரையோடு படரும் ஊசியிலைச் செடி தின்று தீர்க்கப்பட்டது. மான் பெருகாத தீவுகளில் அது இடுப்பளவு புதராக இன்னும் அடர்ந்திருக்கிறது. கண்டத்தின் வேறு பகுதிகளில் அப்படிக் காண்பது அரிது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் இரண்டில் இறங்கிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: ஒன்றில் காலெடுத்து வைக்க இடமில்லாத பச்சை, மற்றதில் மரங்களுக்கடியே வெறும் சருகு. காட்டுக்குள் நடக்கும்போது துருப்பிடித்த அடுப்பு, குவாரியில் தூக்கமறந்த கல் பாளங்கள், யாரோ வைத்த ஆப்பிள் மரம் என்று எதிர்ப்படும். வனாந்தரம் என்று பெயர் வைத்தபோதும் விளக்கு நிலையங்களை மட்டும் அந்த எல்லைக்கு வெளியே வைத்தார்கள், பழுது பார்க்க வசதியாக. மற்ற தடயங்களைக் காடு மூடிக்கொண்டு வருகிறது. மூட விடுவதா, எடுத்துக் காட்டுவதா என்பதில் எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது; ஒரு பலகையாவது வைக்கலாம்.

கால் படாத இடம் என்ற பேச்சில் காணாமல் போகிறவர்கள் மரவெட்டிகள் மட்டுமல்ல. மேடலின் தீவு, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் ஆன்மிக மையம். 1850-இல் அவர்களை மேற்கே துரத்த நடந்த முயற்சியில், ஆண்டு உதவித்தொகையை மினசோட்டாவின் சாண்டி ஏரிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி, குளிரில் காக்க வைத்தார்கள். நோயிலும் பசியிலும் திரும்பும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். 1852-இல், வயது தொண்ணூறைத் தாண்டிய தலைவர் பஃபலோ வாஷிங்டன்வரை போய் அதிபர் ஃபில்மோரைச் சந்தித்தார். துரத்தும் ஆணை நின்றது. 1854 செப்டம்பர் 30 அன்று லா பாயிண்டில் எழுதிய ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று ரெட் கிளிஃப், பேட் ரிவர் ஒதுக்கீட்டு நிலங்கள் பிறந்தன. 1960-களில் செனட்டர் கேலர்ட் நெல்சன், பூமி தினத்தைத் தொடங்கிய அதே நெல்சன், இந்த ஏரிக்கரைக்காகப் போராடியபோது திட்டத்தில் அந்த ஒதுக்கீட்டுக் கரைகளும் இருந்தன. காட்டரிசி விளையும் காகாகன் சதுப்பும் அதில் சேரும். நிலத்தை மறுபடி அரசிடம் கொடுக்க மாட்டோம் என்று ஓஜிப்வே மக்களிடம் எதிர்ப்பு வலுத்தது. 1970 சட்டம் அவற்றை விட்டுவிட்டு வந்தது. வரைபடத்தில் எல்லை ஏன் அப்படித் துண்டாக நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். சதுப்பு அதனால் கெட்டுப்போகவில்லை. 2012-இல் அது ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ரெட் கிளிஃப் மக்கள் ஃபிராக் பே என்ற இடத்தில் தங்கள் சொந்தப் பழங்குடி தேசியப் பூங்காவைத் திறந்தார்கள்; அமெரிக்காவிலேயே அந்த வகையில் முதல்.

அண்மை ஆண்டுகளில் ஏரிக்கரையின் பெயரைத் தேசியப் பூங்கா என்று மாற்ற நாடாளுமன்றத்தில் மசோதா வந்திருக்கிறது. பெயர் மாறினால் கூட்டம் கூடும், வியாபாரம் பெருகும் என்பது ஒரு கணக்கு. 2014-ஐப் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரைதான் நல்ல காலம். ஜூனில் கொசுவும் கடி ஈயும் உங்களை வரவேற்கும். ஏரிக்கரைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் முகாமிட அனுமதிச் சீட்டு வேண்டும், மேயர்ஸ் பீச்சில் வண்டி நிறுத்தக் காசு வேண்டும். கல் (Gull) தீவு, ஈகிள் தீவு இரண்டும் பறவைகள் கூடு கட்டும் மே நடுவிலிருந்து செப்டம்பர் 1 வரை மூடப்பட்டிருக்கும். ஸ்டாக்டனில் கறுப்புக் கரடிகள் உண்டு. சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்க வேண்டாம். கையில் ஒரே நாள்தான் என்றால், பேஃபீல்டிலிருந்து டெவில்ஸ் தீவுவரை போய்வரும் சுற்றுலாப் படகுக்கு முன்பதிவு செய்யுங்கள்; குகை, விளக்கு, பழங்காடு மூன்றும் ஒரே சுற்றில் கண்ணில் படும். அன்று காற்று பலமாகிப் படகை நிறுத்திவிட்டார்களா? மேடலின் தீவு ஃபெர்ரியைப் பிடியுங்கள். அரை மணிக்குள் அக்கரையில் இருப்பீர்கள், லா பாயிண்டில் நல்ல அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது.